பதினெட்டு முடிந்தால் யாருடைய பிள்ளை

என் மகனுக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. என் கண்ணில் படலம் இறங்கிய பிறகு சின்ன எழுத்து தெரிவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஒன்றரை மாதமாக உன் கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டுவதும், நான் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் யோகம்தான் என்பது உனக்குத் தெரியாது. எழுத்து மாறியதைப் பார்த்து, பக்கத்து வீட்டு ரீச்சர் எழுதித் தருகிறா என்று நினைத்திருப்பாய். நானும் சொல்லவில்லை. அது என் பிழை. "என்ர கலியாணம் முடியும்வரைக்கும் யோகத்தை வேறு எங்காவது அனுப்பி வையுங்கோ, பெண் வீட்டார் வந்துபோகிற வீட்டில், ஆரெண்டு சொல்லத் தெரியாத ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு நிற்பது சரியில்லை" என்று நீ எழுதிய இடத்தையும் அவள்தான் வாசித்தாள். ஒரு சொல்லையும் விடவில்லை. உன் கையெழுத்து வரைக்கும் வாசித்து, தாளை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, "பதில் இப்ப எழுதட்டோ, சாப்பிட்டிட்டு எழுதட்டோ அம்மா?" என்று கேட்டாள். "இதுக்கு நானே எழுதுறன்" என்றேன். ஆகவே வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். வெளிச்சம் உள்ள நேரத்தில் மட்டும், விறாந்தையில் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக எட்டு நாளாய் எழுதுகிறேன். அவளை அனுப்பமாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை ஆறுதலாக வாசி.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று யாரும் கேட்டால், "அம்மா அரசாங்கக் கச்சேரியில் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவாய். அதைவிட விளக்கமாக நானும் உனக்குச் சொன்னதில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை, அல்லது இருந்தும் வைத்துப் பார்க்க முடியாதவர்களின் பிள்ளைகளை, நீதவான் ஒரு கட்டளை எழுதி அநாதைப் பிள்ளைகள் இல்லத்திலோ ஒரு குடும்பத்தோடோ வைப்பார். அந்தப் பிள்ளைகளைப் போய்ப் பார்ப்பதும், சாப்பாடு படிப்பு சுகம் விசாரிப்பதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோவை திறந்து அதில் எழுதுவதும் என் வேலை. பதினெட்டு வயது முடிகிற அன்றைக்குக் கட்டளையும் முடியும். அதற்கு முன் பிள்ளைக்கு ஒரு வேலையோ, கலியாணமோ, ஏற்றுக்கொள்கிற சொந்தமோ பார்த்து, இன்ன இடத்தில் ஒப்படைத்தேன் என்று எழுதிக் கோவையை மூட வேண்டும். சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. பசித்தால் அழும், அடித்தால் தழும்பு இருக்கும், பார்த்தவுடன் விளங்கும். பதினேழு வயதுப் பிள்ளைகள்தான் பயமாக இருந்தார்கள். அவர்களிடம் எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார்கள். சின்ன வயதிலிருந்தே அரசாங்கக் கந்தோர்க்காரர் முன்னால் நின்று பழகிய பிள்ளைகளுக்கு "ஓம்" என்பதுதான் முதலில் வாயில் வருகிற சொல்.

உன் அப்பா போனபோது உனக்கு ஒன்பது வயது. அவர் செத்த வீட்டில் இருந்துகொண்டு அதுவரை படிப்பித்த அதே பள்ளிக்கூடத்தில் தொடர என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த வேலைக்கு மனுப்போட்டு வவுனியாவுக்கு வந்தேன். வந்த இரண்டாம் வருடம் கனகம் என்ற பெண்ணுக்குப் பதினெட்டு முடிய இருந்தது. இல்லத்தில் வளர்ந்தவள். புளியங்குளத்தில் மரம் அரியும் இடத்தில் வேலை செய்த ஒரு பெடியன் அவளைக் கேட்டு வந்தான். குடி இல்லை, உழைப்பாளி, நல்லவன் என்று ஊரைப் பார்க்கிற விதானையாரும் எழுதித் தந்தார். கனகத்திடம் சம்மதமா என்று கேட்டேன். "ஓம்" என்றாள். கோயிலில் தாலி கட்டுவித்து, பதிவும் செய்வித்து, நாலாம் நாள் கோவையின் கடைசிப் பக்கத்தில் "விவாகம் செய்து நல்ல முறையில் வாழ்கிறார்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நாலு நாளில் ஒருத்தி நல்ல முறையில் வாழ்கிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த வசனத்தை எழுதும்போது ஒரு வேலையை ஒழுங்காக முடித்த சந்தோஷந்தான் இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, கால் முறிந்த ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கனகத்தைப் பிள்ளைப்பேற்று வாட்டில் கண்டேன். ஆண்பிள்ளை. பிறந்து பதின்மூன்று நாள். வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொல்லி ஒரு கிழமைக்கு மேலாகியும் கூட்டிப்போக ஆளில்லாமல் இருந்தாள். புருஷன் கூட்டத்தோடு காட்டுக்கு மரம் வெட்டப் போனவன், திரும்ப இன்னும் ஒரு மாதம் ஆகும். அவன் கெட்டவன் இல்லை. அவர்கள் இருந்தது மரம் அரிகிறவர்கள் எல்லாருக்கும் பொதுவான கொட்டில். "முதல் பிள்ளைக்கு எல்லாரும் தாய்வீட்டுக்குப் போயினம், மிஸ்" என்றாள். "பக்கத்துக் கட்டில்காரி போயிட்டாள், அங்காலை இருந்தவளும் போயிட்டாள். நீ எங்க போறாய் எண்டு என்னைக் கேக்கினம். இல்லத்துக்கு வரட்டோ எண்டு கேட்டுவிட்டனான். பதினெட்டு முடிஞ்ச ஆக்களை எடுக்கேலாதாம்." என் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கந்தோரில் என்ன கதைப்பார்கள் என்று அடுத்த நிமிடம் நினைத்தேன். கோவை மூடியாயிற்று, இனி இது என் பொறுப்பில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அவளைப் பிள்ளையோடு புளியங்குளத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். துடக்குக் கழிக்கிற முப்பத்தோராம் நாளுக்கு முன்னரே அந்தப் பிள்ளை காய்ச்சலில் செத்துப்போனதாக விதானையார் சொல்லித்தான் அறிந்தேன். கொட்டிலில் இல்லாமல் ஒரு வீட்டில் இருந்திருந்தால் பிழைத்திருக்குமோ என்னவோ. இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. உன் அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

இனி யோகத்தின் கதை. உன்னைவிட இரண்டு வயது மூத்தவள். எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் எட்டு வயதில் அவளைப் பூவரசங்குளத்தில் ஒரு குடும்பத்தோடு வைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வயல் செய்யக் குளத்துக் காணிக்கு வந்து குடியேறிய ஆட்கள். அந்த வீட்டுக்காரியின் பெயர் பாருபதி. நான் வேலைக்கு வந்தபோது யோகத்துக்குப் பதினொன்று. வருடத்துக்கு நாலு தடவை போய்ப் பார்ப்பேன். எட்டாம் வகுப்பு வரை படிப்பித்தார்கள். நல்ல உடுப்பு இருந்தது. அடி இல்லை. வீட்டு வேலையும் வயல் வேலையும் நிறைய இருந்தது, ஆனால் பாருபதியின் சொந்தப் பிள்ளைகளுக்கும் அதே வேலைதான். பதினெட்டுக்கு நாலு மாதம் இருக்கையில் பாருபதி என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்து, "என்ர தம்பிக்குப் பெண்சாதி செத்து ரண்டு வருஷம். ரண்டு பிள்ளையள். யோகத்தை அவனுக்குக் கட்டி வைச்சால் என்ர கண்ணுக்கு முன்னால இருப்பாள். வேற ஆற்றையேன் கையில குடுத்திட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?" என்று கேட்டாள். தம்பிக்காரனுக்கு முப்பத்தெட்டு வயது, நல்ல மனுஷன். நான் மனதுக்குள் கோவையின் கடைசிப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். "நல்ல காரியம், தையில செய்யலாம்" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். கனகத்திடமாவது "சம்மதமோ" என்று கேட்டேன். யோகத்திடம் அதுகூடக் கேட்கவில்லை.

பஸ் வரும் இடம்வரை யோகம் என்னோடு நடந்து வந்தாள். வாய்க்கால் வரம்பு ஒடுக்கமானது, அவள் பின்னால்தான் வந்தாள். முகத்தைப் பார்க்க வேண்டியில்லாததால் அவளுக்குக் கேட்கச் சுலபமாக இருந்திருக்கலாம்.

"அம்மா, எனக்குப் பதினெட்டு முடிஞ்சால் நான் ஆற்ற பிள்ளை?"

"ஒருத்தற்றையும் இல்லை. அதுக்குப் பிறகு உனக்கு நீதான் பொறுப்பு. சட்டம் அப்பிடி."

"கலியாணம் தையிலதானே? அப்ப எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடும்."

"ஓம்."

"அப்ப அதுக்கு நீங்கள் எப்பிடி ஓம் சொன்னனீங்கள்?"

நான் நின்றுவிட்டேன். எத்தனையோ பிள்ளைகளோடு கதைத்திருக்கிறேன், அப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. "உனக்கு என்ன விருப்பம்?" என்று அப்போதுதான் கேட்டேன். மருத்துவிச்சிப் பயிற்சிக்குப் போகவேண்டும் என்றாள். பாருபதியின் கடைக்குட்டி பிறந்தபோது வந்த மருத்துவிச்சியம்மாவுக்குச் சுடுதண்ணீர் எடுத்துக் கொடுத்தவள் இவள். அன்றிலிருந்து மனதில் இருந்ததாம். "ஏன் என்னட்டை முந்திச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள் சாப்பாட்டையும் சட்டையையும் பற்றித்தான் கேக்கிறனீங்கள்" என்றாள். கோபத்தோடு சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

பயிற்சிக்கு மனுப்போடப் பிறப்புச் சான்று வேண்டும். அவளிடம் இல்லை. கோவையில் இருந்தது மூன்று வரி: நாலு வயதுப் பெண்பிள்ளை, தாய் முல்லைத்தீவில் காய்ச்சலில் இறந்தாள், தகப்பன் தெரியாது. தாயின் பெயர்கூட இல்லை. பிறந்த நாள் என்று தை முதலாம் திகதியை யாரோ உத்தேசமாகப் போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் அங்கும் இங்கும் எழுதினேன். கடைசியில் முல்லைத்தீவில் பழைய விதானையார் ஒருவர், அந்தப் பெண் ஒரு முஸ்லிம் முதலாளியின் தென்னந்தோட்டத்தில் வேலை செய்தவள் என்று நினைவு வைத்திருந்தார். முதலாளி காலமாகிவிட்டார், மனைவி இருக்கிறா என்று பதில் வந்தது. கார்த்திகைக் கடைசியில் யோகத்தையும் கூட்டிக்கொண்டு, புளியங்குளத்தில் பஸ் மாறிப் போனேன். வழியெல்லாம் வெள்ளம். அவள் யன்னலோரம் இருந்து அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த அம்மாவின் பெயர் ஆயிஷா உம்மா. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கமுன்னரே யோகத்தின் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தினா. "இராசத்தின்ர மகளா நீ? இந்த விறாந்தையிலதான் புள்ள பிறந்தாய். சரியான மழை. மருத்துவிச்சிய கூப்பிடப் போன ஆள் வாறதுக்கிடையில நானே கொடிய வெட்டினன்" என்றா. இராசம் என்பது தன் தாயின் பெயர் என்று யோகத்துக்கு அந்த நிமிடந்தான் தெரியும். இரண்டு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "அம்மா எப்பிடி இருப்பா? என்னைப் போலயோ?" என்று கேட்டாள். ஆயிஷா உம்மா அவளுடைய முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்லுவா என்று நினைத்தேன். "இல்ல மகள். அவ நல்ல உயரம், கறுப்பு. நீ அவவப் போல ஒண்டும் இல்ல" என்றா. "அப்ப நான் ஆரைப்போல?" என்று யோகம் கேட்க, "அந்த ஆள நான் காணல்ல மகள். கலியாணம் எண்டு ஒண்டு நடக்கல்ல. இராசம் அதப்பத்திக் கதைக்கவும் இல்ல, நாங்க கேக்கவும் இல்ல" என்று பதில் வந்தது.

பிறந்த நாளை ஆயிஷா உம்மா சுத்தமாகச் சொன்னா. தன்னுடைய இரண்டாவது மகன் பிறந்த வருடம், நோன்புப் பெருநாள் கழித்து மூன்றாம் நாள். அடுத்த நாள் அவவையும் கூட்டிக்கொண்டு பதிவுக் கந்தோருக்குப் போனோம். பதிவாளர் பழைய பஞ்சாங்கத்தையும் கலண்டரையும் வைத்துப் பார்த்துத் திகதியைப் பிடித்தார். பார்த்தால், யோகத்துக்குப் பதினெட்டு முடிந்து ஏற்கெனவே மூன்று கிழமை! தை வரைக்கும் அவள் என் பொறுப்பு என்று நான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தக் கந்தோரில் நின்றபோது, உத்தியோகத்தர் என்ற முறையில் நான் அவளுக்கு ஒன்றுமே இல்லை. சத்தியக் கடதாசி எழுதும்போது, பெற்றோர் விவாகமானவர்களா என்ற இடம் வந்தது. ஆயிஷா உம்மா என்னைப் பார்த்து, "ஓம் எண்டு போடுங்க. நான் சொல்றன். இந்தப் புள்ளைக்காக ஒரு பொய் சொன்னா அல்லாஹ் என்னைக் கேக்கமாட்டான்" என்றா. மகனே, நான் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினைந்து வருடம் படிப்பித்தவள், அரசாங்க உத்தியோகத்தர், பேசாமல் நின்றேன். அந்த ஒரு சொல் அவளுக்கு எத்தனை கதவுகளைத் திறக்கும், எத்தனை வாய்களை மூடும் என்று எனக்குத் தெரியும். யோகம்தான் சொன்னாள்: "வேண்டாம் உம்மா. இல்லை எண்டே போடுங்கோ. அம்மாவின்ர பேர் சரியா இருந்தால் எனக்குக் காணும்." தாயின் பெயரை எழுத்துக் கூட்டிப் பதிவாளருக்கு அவளே சொன்னாள்.

திரும்பிப் பூவரசங்குளத்துக்குப் போனோம். கலியாணம் இல்லை என்று சொன்னால் பாருபதி சத்தம் போடுவாள் என்று தயாராகப் போனேன். அவள் சத்தம் போடவில்லை. யோகத்தின் தகரப் பெட்டியைத் தானே அடுக்கினாள். புதுப் பாவாடை ஒன்றையும் மடித்து வைத்தாள். வாசலில் வைத்து என்னிடம் மட்டும், "பத்து வருஷம் வளர்த்தனான். நாங்கள் என்ன குறை விட்டனாங்கள் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ" என்று கேட்டாள். குறை ஒன்றும் இல்லை என்றேன். அது உண்மை. பயிற்சி தொடங்க ஐந்து மாதம் இருந்தது. இல்லம் எடுக்காது, நான் சொல்லி வைக்க வேறு வீடும் இல்லை. பஸ்ஸில் அவளிடம், "எங்கட வீட்டுக்கு வா. இதை உன்ர தாய்வீடு எண்டு நினைச்சுக்கொள். எந்த நேரமும் வரலாம்" என்றேன். கனகத்துக்குச் சொல்லியிருக்க வேண்டியதை யோகத்துக்குச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மார்கழி விடுமுறைக்குத்தான் நீ யாழ்ப்பாணத்து விடுதியிலிருந்து வந்தாய். உனக்குப் பதினாறு. உன் அறையில் அவளுடைய பெட்டியையும், உன் மேசையில் அவளுடைய சீப்பையும் கண்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று, "இது ஆற்ற வீடு?" என்று கேட்டாய். நீ மறந்திருக்கலாம். நான் உனக்குப் பதில் சொல்லவில்லை. யோகத்திடம், "தம்பி நிக்கிற வரைக்கும் நீ அந்தச் சாமான் அறையில படு பிள்ளை" என்றேன். குசினிக்குப் பக்கத்தில் நெல்மூட்டையும் தேங்காயும் கிடக்கிற அறை. அவள் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு பயிற்சி விடுமுறைக்கு வந்தபோதெல்லாம், நீ வீட்டில் நின்றாலும் நில்லாவிட்டாலும், ஒருவரும் சொல்லாமலே நேரே அந்த அறைக்குத்தான் போனாள். தாய்வீடு என்று சொன்னதும் நான்தான், அந்தத் தாய்வீட்டில் எலியோடு படுக்க வைத்ததும் நான்தான். உன்மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. பதினாறு வயதுப் பிள்ளை அப்படிக் கேட்டால் அதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணமும் நான்தான்.

ஏனென்றால், மற்றவர்களின் பிள்ளைகளுக்கு வீடு தேடி வன்னி முழுவதும் திரிந்தவள், தன் ஒரே பிள்ளையைப் பத்து வயதில் விடுதியில் விட்டேன். வவுனியாவில் உனக்கேற்ற பள்ளிக்கூடம் இல்லை என்று எல்லாருக்கும் சொன்னேன். பள்ளிக்கூடம் இருந்தது. தகப்பனைப் போன்ற முகத்தோடு நீ வீட்டுக்குள் நடந்து திரிவதைப் பார்க்க அப்போது எனக்குத் தெம்பு இருக்கவில்லை. முதல் வருடம் நீ கிழமைக்கு ஒரு கடிதம் போட்டாய். சாப்பாடு பிடிக்கவில்லை, பக்கத்துக் கட்டில் பெடியன் அடிக்கிறான், எப்போது வருவீங்கள். நான் எழுதிய பதில்களை நீ வைத்திருந்தால் எடுத்துப் பார். ஒன்று, உன் கடிதம் கிடைத்தது. இரண்டு, சாப்பாட்டைப் பற்றி விடுதி மேற்பார்வையாளருக்கு எழுதியுள்ளேன். மூன்று, கணக்குப் பாடத்தில் கவனம் செலுத்தவும். கந்தோர்க் கடிதம் போல இலக்கம் போட்டு எழுதினேன். ஆறாம் மாதம் நீயும் இலக்கம் போட்டு எழுதத் தொடங்கினாய். அதைப் பார்த்து என் மகன் ஒழுங்காக எழுதப் பழகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். உன் அறையில் வேறொரு பிள்ளையின் பெட்டியைக் கண்டு நீ கேட்ட கேள்வி, ஆறு வருடம் முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்போதே நான் பதில் சொல்லியிருந்தால் நானும் யோகமும் உனக்குப் பெரிய பாரமாக இருந்திருக்க மாட்டோம்.

மிச்சக் கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். பயிற்சிக்கான நேர்முகத்தில் பிறப்புச் சான்றைப் பார்த்து ஒருவர் மூக்கைச் சுளித்தாராம். இன்னொருவர், "பிரசவம் பார்க்க வாற பிள்ளைக்கு உது என்னத்துக்கு?" என்று தாளைத் திருப்பி வைத்தாராம். அவளைத் தெரிந்தெடுத்தார்கள். படித்து முடித்து, நெடுங்கேணிப் பக்கம் சில வருடம் இருந்து, பிறகு பூவரசங்குளம் சேர்ந்த பகுதிக்கே மாற்றமாகி வந்தாள். பாருபதி இரண்டு வருடம் அவளைக் கண்டால் வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு பாருபதியின் மூத்த மகளுக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தபோது யோகம்தான் சைக்கிளில் போய்ப் பார்த்து, நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினாள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அதன்பின் பாருபதி முகத்தைத் திருப்புவதில்லை. பேசுவதும் குறைவு. எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுதினால் அது பொய். போன வருடம் புகையிரதப் பகுதியில் வேலை பார்க்கிற ஒருவர் அவளைக் கேட்டுக் கட்டினார். சான்றை முதலிலேயே அவருக்குக் காட்டினாள். அவருக்குத் தாய் இல்லை. இப்போது தூரத்து ஸ்ரேசனில், நாலு ஆண்கள் தங்கும் குவாட்டர்ஸில் இருக்கிறார். இந்தப் பகுதியில் நூறு பெண்களுக்கு மேல் பிள்ளைப்பேறு பார்த்தவள், தன் முதல் பிள்ளைக்கு எங்கே போவது என்று என்னிடம் கேட்கவில்லை. நானும் அவள் கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. ஏழாம் மாதம் தொடங்க, நானே கார் பிடித்துப் போய்க் கூட்டிவந்தேன். நேரே சாமான் அறைக்குப் பெட்டியைக் கொண்டுபோனாள். நான் அதை வாங்கி உன் அறையில் வைத்தேன். நீ வரும்போது உனக்கு முன்விறாந்தையில் கட்டில் போட்டு வைப்பேன்.

இன்னொரு காரியமும் செய்தேன், உன்னைக் கேட்காமல். வியாழக்கிழமை காலை ரயிலில் சாவகச்சேரிக்குப் போய், உனக்குப் பேசியிருக்கிற வசந்தியின் தாய் தகப்பனைக் கண்டேன். யோகத்தைப் பற்றி நான் உனக்கு இங்கே எழுதியதில் பாதியை அவர்களுக்குச் சொன்னேன், சான்றில் உள்ளதையும் சேர்த்து. தாய் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தா. தகப்பன், "ஊர்ச்சனம் கேக்குமே, ஆரெண்டு சொல்லுறது?" என்றார்.

"என்னட்டை வளர்ந்த பிள்ளை எண்டு நான் சொல்லுவன். நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"கலியாணம் முடிஞ்சு எங்கட பிள்ளை உங்கட வீட்டுக்குக் கால் வைக்கிற அண்டைக்கும் அவா அங்கதான் நிப்பாவோ?"

"நிப்பாள். பிள்ளை பிறந்திருந்தால் பிள்ளையோட நிப்பாள்."

"யோசிச்சு எழுதுறன்" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினேன். நேற்று அவரிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. யோகம்தான் வாசித்தாள். திகதியில் மாற்றம் இல்லை, மற்றவை நேரில் என்று ஒரேயொரு வரி. மற்றவை என்ன என்று எனக்குத் தெரியாது. முகம் கோணலாம், யாராவது கதைக்கலாம். அதை அப்போது பார்ப்போம்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய வயதை நீ தாண்டிவிட்டாய். நான் சொன்ன புத்தியெல்லாம் இலக்கம் போட்ட புத்தி, அதனால் உனக்கு என்ன பயன் வந்தது என்றும் தெரியாது. யோகத்திடம் மன்னிப்புக் கேள் என்று உன்னைக் கட்டாயப்படுத்தவும் மாட்டேன். அவள் அதை எதிர்பார்க்கவில்லை, நீ மனமில்லாமல் கேட்டால் கண்டுபிடித்தும் விடுவாள். ஒன்றே ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அன்றைக்கு நான் வாசல் படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு வந்தபோது, வசந்தி பின்னால் ஓடிவந்தாள். படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை, கையில் சோக்குப் பொடி. உள்ளே நாங்கள் கதைத்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"மாமி, அவர் எனக்கு மூண்டு கடிதம் போட்டவர். படம் பார்த்தது, கந்தோரில ஆர் ஆருக்கு இடமாற்றம் எண்டது எல்லாம் எழுதினவர். யோகமக்காவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எங்களுக்குப் பிடிக்காது எண்டு அவருக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை பிள்ளை. அவன் தானாய் நினைச்சது."

"நாளைக்கு அந்த வீட்டில இருக்கப்போறது நான். என்னை ஏன் கேக்கேல்லை?"

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. அவளுடைய விலாசம் உன்னிடம் இருக்கிறது. எனக்குப் பதில் எழுதுவதற்கு முதல் அவளுக்கு எழுது.

உன் அம்மா